ஆழ்மனச் சோதனையில் ‘மது = இனிமை’ என்று வந்துவிட்டது. குடியை விட்டு 14 மாதம் ஆகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

கடைசிச்சொட்டு எழுதியது:

வணக்கம் மக்களே. பல மாதங்களாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

குடியை விட்டு 14 மாதம் ஆகிறது. ஒரு தடவைகூட வழுக்கவில்லை. போன வாரம் சும்மா இருக்காமல் இணையத்தில் மதுவைப் பற்றிய ஆழ்மன எண்ணத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றைச் செய்து பார்த்தேன். இடது ஆள்காட்டி விரல் ஒரு விசையில், வலது விரல் இன்னொன்றில். திரையின் நடுவில் படமோ சொல்லோ வரும். பீர் குவளையோ ‘மகிழ்ச்சி’ போன்ற நல்ல சொல்லோ வந்தால் இடது. பழச்சாறோ ‘வேதனை’ போன்ற கெட்ட சொல்லோ வந்தால் வலது. யோசிக்காமல் வேகமாகத் தட்ட வேண்டும். விளையாட்டு மாதிரி போயிற்று.

அப்புறம் கூட்டணியை மாற்றினார்கள். பீரும் வேதனையும் ஒரு பக்கம், பழச்சாறும் மகிழ்ச்சியும் மறுபக்கம். அங்கேதான் விரல் திக்கியது. ‘வேதனை’ என்று கண் படிக்கிறது, கை பழைய பக்கமே போகிறது. சிவப்புப் பெருக்கல் குறி ஏழெட்டு முறை வந்தது. கடைசியில் ‘மதுவுக்கும் இனிமைக்கும் மிதமான தொடர்பு’ என்று முடிவு.

இரண்டு ராத்திரி தூக்கமில்லை. 14 மாதம் நான் பட்டதெல்லாம் மேல்பூச்சுதானா? உள்ளே இன்னும் அந்தப் பழைய ஆள்தான் உட்கார்ந்திருக்கிறானா?

மில்லிசெகண்ட் எழுதியது:

முதலில் மூச்சை விடுங்கள். இந்தச் சோதனையை ஆய்வுக்கூடத்தில் நான்கு வருடம் நடத்தியிருக்கிறேன். இதே முகத்தோடு எழுந்து போனவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் செய்ததன் பெயர் ஐ.ஏ.டி. (Implicit Association Test, அதாவது மறைமுகத் தொடர்புச் சோதனை). ஆந்தனி கிரீன்வால்ட், மெக்கீ, ஷ்வார்ட்ஸ் மூவரும் 1998-ல் வெளியிட்டது. மனத்தில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கிடந்தால் அவற்றை ஒரே விசையில் தட்டுவது சுலபம், ஒட்டாதவற்றைத் தட்டத் தாமதமாகும். அந்தத் தாமதம்தான் அளவு. இரண்டு கூட்டணிகளிலும் நீங்கள் எடுத்துக்கொண்ட சராசரி நேரங்களைக் கழித்து, உங்கள் வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதால் வகுப்பார்கள். 2003-ல் செப்பனிட்ட கணக்கு இது. 10 விநாடிக்கு மேல் போன பதில்களைத் தூக்கிவிடுவார்கள். பத்தில் ஒன்றுக்கு மேல் 300 மில்லிசெகண்டுக்குள் தட்டியவர் திரையைப் பார்க்காமலே தட்டுகிறார் என்று அவர் கணக்கையே ஒதுக்கிவிடுவார்கள்.

வரும் எண் 0.15-ஐத் தாண்டினால் ‘லேசான’, 0.35-ஐத் தாண்டினால் ‘மிதமான’, 0.65-ஐத் தாண்டினால் ‘வலுவான’. இவை வழக்கத்துக்காகப் போட்ட கோடுகள். 0.34 வந்தவருக்கும் 0.36 வந்தவருக்கும் மனத்தில் எந்த மலையும் மடுவும் இல்லை.

இன்னொன்று. உங்களுக்கு மது–மகிழ்ச்சிக் கூட்டணி முதலில் வந்தது என்கிறீர்கள். முதலில் வரும் கூட்டணிக்குச் சலுகை உண்டு, கை அதற்குப் பழகிவிடுகிறது. அதனால்தான் ஆய்வுகளில் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுப்போம். உங்கள் ‘மிதமான’ என்பதில் ஒரு பங்கு அந்த வரிசையின் கைங்கரியமாக இருக்கலாம்.

தலைகீழ் எழுதியது:

ஆக ரேகை பார்ப்பதை மில்லிசெகண்டில் செய்கிறார்கள். அவ்வளவுதானே?

கடைசிச்சொட்டு, உங்களிடம் 14 மாதக் கணக்கு இருக்கிறது. ஏழு நிமிட விளையாட்டு அதைப் பொய்யாக்குமா? ஒரு விரல் தடுமாறியதற்கு ஆழ்மனத்தைக் கூப்பிடுவானேன்?

வெண்பலகை எழுதியது:

தலைகீழ், பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் சண்டை போடுவேன். புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு.

எடை பார்க்கும் இயந்திரத்தில் இன்று ஏறுகிறீர்கள், 70 கிலோ. இரண்டு வாரம் கழித்து 62, அடுத்து 75. உடம்பு மாறவில்லை, இயந்திரம் ஆடுகிறது. அதை வைத்து ஒருவருக்கு மருந்து எழுத முடியாது. ஆனால் ஆயிரம் பேரை ஏற்றிச் சராசரி எடுத்தால் ஆட்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுபோய், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உள்ள நிஜ வேறுபாடு தெரியும். ஐ.ஏ.டி. அந்த ரகம். ஒரே ஆளுக்கு இரண்டு முறை கொடுத்தால் இரண்டு மதிப்பெண்களுக்கும் ஒட்டுறவு (0 என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) சராசரியாக 0.5 அருகில்தான். தனி மனிதருக்குத் தீர்ப்பு எழுத அது போதாது.

அதற்காக வெறும் கண்கட்டு வித்தை என்றும் தள்ள முடியாது. மது, புகை, கஞ்சா என்று பல ஆய்வுகளைத் திரட்டி ரூக்கும் சகாக்களும் 2008-ல் பார்த்தார்கள். இத்தகைய மறைமுக அளவைகளுக்கும் பயன்பாட்டுக்கும் ஒட்டுறவு 0.31 வாக்கில் வந்தது. அதை வர்க்கப்படுத்தினால், வேறுபாட்டில் எவ்வளவை அது விளக்குகிறது என்று தெரியும்: பத்தில் ஒரு பங்கு. யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்ற வேறுபாட்டில் ஒன்பது பங்கு வேறெங்கோ இருக்கிறது. 2010-ல் ரைக், பிலோ, கோல்ட்மன் மூவரும் மதுவை மட்டும் எடுத்துத் தொகுத்தபோது, நேராகக் கேட்ட கேள்வித்தாள்களே அதிகம் சொல்லின. மறைமுக அளவைகள் அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்தன. கொஞ்சம்தான், ஆனால் அது கேள்வித்தாளில் கிடைக்காத கொஞ்சம்.

கோடுபோட்டதாள் எழுதியது:

விரல் சோதனையைவிட எனக்குப் பிடித்தது சொல் சோதனை. அலன் ஸ்டேசி என்பவர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார். இரட்டைப் பொருள் உள்ள சொல் ஒன்றைக் கொடுத்து, மனத்தில் முதலில் தோன்றுவதை எழுதச் சொல்வார்கள். எத்தனை பதில் மதுவின் பக்கம் சாய்கிறது என்பதுதான் மதிப்பெண். வெண்பலகை சொன்ன 2008 தொகுப்பிலும் இந்தச் சொல் வகைச் சோதனைகள்தான் பயன்பாட்டோடு கூடுதலாக ஒட்டின.

தமிழில் இதைச் செய்ய மொழியே தயாராக இருக்கிறது பாருங்கள்: சரக்கு, தண்ணி, ரவுண்டு, மட்டை, ஊற்று. நான் வீட்டில் சும்மா கேட்டுப் பார்த்தேன். ‘சரக்கு’ என்றதும் அக்கா ‘ரயில்’ என்றார், மாமா பதில் சொல்லாமல் சிரித்தார்.

கடைசிச்சொட்டு எழுதியது:

@கோடுபோட்டதாள், இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தேன். ‘மட்டை’ என்றதும் எனக்குக் கிரிக்கெட் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மௌனவிரதம் எழுதியது:

நான் விட்டு 9 வருடம். இந்த இழையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ‘பிடிக்கும்’ என்பதும் ‘வேண்டும்’ என்பதும் ஒன்று என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

கடைசி இரண்டு வருடம் எனக்கு மது பிடிக்கவே இல்லை. முதல் வாய்க்கே குமட்டும். வாசனை மூக்கில் ஏறினால் கண்ணில் நீர் வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியிருக்கிறேன். அந்த நாளில் இந்தச் சோதனையைக் கொடுத்திருந்தால் ‘மது–வேதனை’ என்றுதான் சுளுவாகத் தட்டியிருப்பேன். முடிவைப் பார்த்து, ‘ஆழ்மனத்தில் வெறுக்கிறார், சீக்கிரம் விட்டுவிடுவார்’ என்று யாராவது எழுதியிருப்பார்கள். நானோ தினமும் குடித்துக்கொண்டிருந்தேன்.

பிடிக்காதபோதும் கை மட்டும் போகும். மூடியைத் திருகும் அந்த நரநர சத்தம் பக்கத்து அறையில் கேட்டால் போதும், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை மறந்துவிடுவேன். அதை எந்த விசையில் அளப்பீர்கள்?

மில்லிசெகண்ட் எழுதியது:

மௌனவிரதம், நீங்கள் சொன்னது இந்தத் துறையின் பழைய தலைவலி. ராபின்சனும் பெர்ரிட்ஜும் 1993-லேயே ‘பிடித்தல்’ வேறு, ‘நாட்டம்’ வேறு என்று கோட்பாடாக எழுதினார்கள். போதைப்பழக்கம் முற்றும்போது நாட்டம் ஏறிக்கொண்டே போகலாம், பிடித்தல் கூடவே ஏறவேண்டிய கட்டாயம் இல்லை.

மது ஐ.ஏ.டி.யிலும் இது வெளிப்பட்டது. நெதர்லாந்தில் ரைனவுட் வியர்ஸ் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில் அதிகம் குடிப்பவர், குறைவாகக் குடிப்பவர் இரண்டு தரப்பையும் உட்காரவைத்தார்கள். இரண்டு தரப்புமே மதுவைக் கெட்ட சொற்களோடுதான் வேகமாகச் சேர்த்தன! அவர்களைப் பிரித்துக் காட்டியது இன்னொரு சோதனை. நல்லது–கெட்டது என்பதற்குப் பதில் கிளர்ச்சி–மந்தம் என்று சொற்களை மாற்றியபோது, அதிகம் குடிப்பவர்கள் மதுவைக் கிளர்ச்சியோடு சேர்த்தார்கள். குறைவாகக் குடிப்பவர்களிடம் அந்தச் சாய்வு இல்லை.

குடிப்பவருக்கே மது ‘கெட்டது’ என்று ஏன் வருகிறது என்பதில் பெரிய தகராறு. உள்ளே நிஜமாகவே கசப்பு இருக்கலாம். ‘மது கெட்டது’ என்று சின்ன வயதிலிருந்து காதில் விழுந்ததன் எதிரொலியாக இருக்கலாம். அல்லது அளவுகோலின் கோளாறு: கண்ணில் துருத்திக்கொண்டு நிற்கும் எதையும் துருத்திக்கொண்டு நிற்கும் இன்னொன்றோடு சேர்ப்பது சுலபம், கெட்ட சொற்கள் இயல்பிலேயே துருத்துபவை. வியர்ஸும் கட்ரியன் ஹூபனும் 2006-ல் இந்தச் சந்தேகத்தைத் தாங்களே எடுத்துச் சோதித்தார்கள். சொந்த வீட்டுக் கூரையையே பிரித்துப் பார்க்கிற ஆட்கள், அந்த விதத்தில் எனக்கு மரியாதை உண்டு.

இன்னொரு கோளாறும் உண்டு. சோதனையில் மதுவுக்கு எதிரே பழச்சாறு நிற்கிறது. உங்களுக்குப் பழச்சாறு பிடிக்காது என்றால் மதுவின் மதிப்பெண் ஏறிவிடும். அதனால் எதிராளியே இல்லாமல் மதுவை மட்டும் வைக்கும் வடிவம் வந்தது. நல்லது–கெட்டது என்பதை ‘எனக்குப் பிடிக்கும்–எனக்குப் பிடிக்காது’ என்று மாற்றி, ஊர் அபிப்பிராயத்தைக் கழிக்கப் பார்த்த வடிவமும் வந்தது.

கையை அளப்பதற்கு வருகிறேன். விசைக்குப் பதில் ஜாய்ஸ்டிக். படம் படுக்கையாக இருந்தால் தள்ளு, நெடுக்காக இருந்தால் இழு. படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்வதே இல்லை. இழுத்தால் படம் பெரிதாகி முகத்துக்கு வரும், தள்ளினால் சுருங்கிப் போகும். மதுப் படத்தை இழுப்பது ஒருவருக்கு வேகமாக வந்தால் அது நாட்டத்தின் அடையாளம். நரநர சத்தத்துக்குக் கிட்டத்தட்ட அதுதான் அருகில் வரும் அளவு.

மௌனவிரதம் எழுதியது:

அதையே திருப்பிப்போட்டு, தள்ளிப் பழக்கினால்?

மில்லிசெகண்ட் எழுதியது:

பழக்கினார்கள். ஜெர்மனியில் ஒரு சிகிச்சை மையத்தில் 214 உள்நோயாளிகள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதலாக நான்கு அமர்வுகள், மதுப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பழகும் பயிற்சி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பயிற்சி பெற்றவர்களில் 46 சதவீதம் மீண்டும் குடியில் விழுந்திருந்தார்கள். பயிற்சி பெறாதவர்களில் 59 சதவீதம். 2011-ல் வந்தது. 2013-ல் 509 பேரை வைத்துச் செய்தபோதும் பலன் தெரிந்தது, ஆனால் முன்னைவிடச் சிறியது. பின்னர் ஆஸ்திரேலியாவில் நச்சுநீக்கத்துக்கு வந்த 300 பேரிடமும் சிகிச்சை முடிந்த இரண்டு வாரத்துக்குள் வித்தியாசம் காட்டியது.

ஆனால் இதெல்லாம் ‘நான் விட வேண்டும்’ என்று முடிவெடுத்துச் சிகிச்சைக்கு வந்தவர்களிடம். சிகிச்சை எதுவும் தேடாமல் ஆய்வுக்கு வந்துபோகும் மாணவர்களிடம் குடிக்கும் அளவைக் குறைக்கும் என்பதற்குச் சான்று நோஞ்சான்.

தலைகீழ் எழுதியது:

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் ‘ஆழ்மனம்’ என்ற சொல்லை மட்டும் விடமாட்டேன். எனக்கே தெரியாத எண்ணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? விரல் திக்கும்போது கடைசிச்சொட்டுக்குத் தெரிந்துதானே இருந்தது? முடிவு வருவதற்கு முன்பே மனது சொல்லியிருக்கும்.

கடைசிச்சொட்டு எழுதியது:

உண்மை. இரண்டாவது சுற்று பாதியிலேயே தெரிந்துவிட்டது.

மில்லிசெகண்ட் எழுதியது:

இதில் தலைகீழ் பக்கம்தான் நான். 2014-ல் ஆடம் ஹானும் குழுவும், ‘இந்தச் சோதனையில் உங்களுக்கு என்ன வரும்?’ என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னார்கள். அவர்கள் எடுத்தது மனிதக் குழுக்கள் மீதான மனப்பான்மை, மது அல்ல. மக்கள் நன்றாகவே ஊகித்தார்கள். இது அடைத்துப் பூட்டிய அறை இல்லை, கேட்டால் கதவு திறக்கிறது. அதனால் ‘ஆழ்மனம்’ என்பதைவிடத் ‘தானாக எழும் தொடர்பு’ என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. செய்தித் தலைப்புக்குத்தான் ஆழ்மனம் தேவைப்படுகிறது.

கீத் பேன் குழுவின் வழி இன்னும் சுவாரசியம். மதுப் படம் ஒன்று கண்சிமிட்டும் நேரம் வந்து மறையும். அடுத்து அறிமுகமில்லாத ஒரு சீன எழுத்து. அந்த எழுத்து அழகா, அழகில்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘படத்தை மனத்தில் ஏற்றாதீர்கள்’ என்று எச்சரித்தும் படத்தின் வாடை எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. இதற்கும் குடிக்கும் அளவுக்கும் தொடர்பு இருப்பதை 2008-ல் காட்டினார்கள்.

நிழல்மரம் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. வேலைக்கு ஆள் எடுக்கும்போது இதைக் கொடுத்துக் குடிகாரர்களைக் கண்டுபிடிக்கலாமா? எங்கள் அலுவலகத்தில் யாரோ யோசனை சொன்னார்களாம்.

வெண்பலகை எழுதியது:

கூடவே கூடாது. மேலே சொன்ன எடை இயந்திரத்தை வைத்து ஒருவர் பிழைப்பைக் கெடுப்பதாகும். ஏமாற்றவும் முடியும்: சுலபமாக வரும் கூட்டணியில் வேண்டுமென்றே மெதுவாகத் தட்டினால் போதும். குடியால் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விகள் இருக்கின்றன, 40-க்கு மதிப்பெண், 8 வந்தாலே கவனிக்க வேண்டும் என்பார்கள். அதுவும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசத்தான். யாரையும் வெளியே அனுப்புவதற்கு இல்லை.

மட்டுறுத்துநர் எழுதியது:

நிழல்மரம், அலுவலக விஷயத்தைத் தனி இழையாகப் போடுங்கள். இங்கே மூலக் கேள்வியோடு இருப்போம்.

வெண்பலகை எழுதியது:

மூலக் கேள்விக்கு என் பங்கு. தொடர்பு மனத்தில் இருப்பது வேறு, அது கையைப் பிடித்து இழுப்பது வேறு. ஹூபனும் வியர்ஸும் 2009-ல் பார்த்தது இதைத்தான். தானாக எழும் செயலைத் தடுத்துநிறுத்தும் திறன் குறைவாக இருப்பவர்களிடம்தான் மதுவின் மீதான தானியங்கித் தொடர்பு குடியாக மாறியது. அந்தத் திறன் வலுவாக இருப்பவர்களிடம் அப்படி மாறவில்லை. அதாவது ஒரே மதிப்பெண் உள்ள இரண்டு பேர் இரண்டு வாழ்க்கை வாழலாம்.

களைப்பில் கட்டுப்பாடு தளரும், அப்போது தொடர்பு தலைதூக்கும் என்றும் சில ஆய்வுகள் உண்டு. அதை அழுத்திச் சொல்ல மாட்டேன். மனவலிமை தீர்ந்துபோகும் என்ற கருத்தையே 2016-ல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து மீண்டும் சோதித்தபோது அநேகமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

மௌனவிரதம் எழுதியது:

ஆய்வு கிடக்கட்டும். களைப்பு, பசி, கோபம் மூன்றும் சேர்ந்த ராத்திரியில் மட்டும் தனியாக இருக்காதே என்று எனக்குச் சொல்லப்பட்டது. 9 வருடமாக இருந்ததில்லை.

கடைசிச்சொட்டு, பழைய தடம் அழிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அழியாது. எனக்கு இன்றும் நரநர சத்தம் கேட்கும். திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மில்லிசெகண்ட் எழுதியது:

அதற்கு ஆய்வுக்கூடத்துச் சாட்சியும் உண்டு. கற்ற தொடர்பு மறையும்போது பழையது துடைக்கப்படுவதில்லை, மேலே புதிதாக ஒன்று கற்கப்படுகிறது என்பது விலங்கு ஆய்வுகளில் பல முறை பார்த்தது. சூழல் மாறினால் பழையது எட்டிப்பார்க்கும். உங்களுக்குக் குவளைப் படத்தைக் காட்டினார்கள், எட்டிப்பார்த்தது.

கடைசியாக ஒன்று. கிறிஸ்டன் லிண்ட்கிரென் குழு 2013-ல் கல்லூரி மாணவர்களிடம் பல வகை மது ஐ.ஏ.டி.களை ஒப்பிட்டது. குடியோடு அதிகம் ஒட்டியது ‘மது நல்லதா கெட்டதா’ இல்லை. ‘நான்–பிறர்’, ‘குடிப்பவர்–குடிக்காதவர்’ என்று சேர்க்கும் சோதனை. தன்னை யாராக எண்ணுகிறோம் என்பது. நீங்கள் செய்த சோதனை அதைக் கேட்கவே இல்லை.

கடைசிச்சொட்டு எழுதியது:

மூன்று நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். மில்லிசெகண்ட் சொன்ன கடைசி விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ‘குடிப்பீர்களா?’ என்று யாராவது கேட்டால் ‘இப்போதைக்கு இல்லை’ என்றுதான் இத்தனை நாளும் சொல்லியிருக்கிறேன். ‘குடிப்பதில்லை’ என்று சொல்ல நாக்கு எழுந்ததே இல்லை. அதைப் போய் ஏன் இவ்வளவு நாள் கவனிக்கவில்லை என்று தெரியவில்லை.

நேற்று அதே சோதனையை மறுபடி செய்தேன். (திட்டாதீர்கள்.) இந்த முறை மது–வேதனைக் கூட்டணி முதலில் வந்தது. ‘தொடர்பு எதுவும் இல்லை’ என்று முடிவு. சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், வெண்பலகை எடை இயந்திரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் கூட வேலை பார்க்கும் ஒருவர் வீட்டு விசேஷம். குவளையை நீட்டினார்கள். ‘குடிப்பதில்லை’ என்றேன். சொல்லக் கொஞ்சம் தாமதமானது. எத்தனை மில்லிசெகண்ட் என்று தெரியாது.

மௌனவிரதம் எழுதியது:

எனக்கு முதல் தடவை அரை நிமிடம் ஆனது. நீட்டியவர் பாவம், அதுவரை குவளையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.